ஒளியியல் அணிக்கோவைக் கடிகாரம்

ஒளியியல் அணிக்கோவைக் கடிகாரம் என்பது, லேசர் ஒளியால் அமைந்த பொறிகளில் அணுக்களை நிறுத்தி, அவை உட்கவரும் ஒளியின் அதிர்வெண்ணைக் கொண்டு காலத்தை அளக்கும் அணுக் கடிகாரம் ஆகும். இம்முறையை 2001 ஆம் ஆண்டில் ஜப்பானிய இயற்பியலாளர் ஹிதெதோஷி கதோரி முன்மொழிந்தார்.

அடிப்படை

1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம்-133 அணுவின் நுண்ணலைக் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அலைவுறும் காலமாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஸ்ட்ரோன்சியம் அணு உட்கவரும் 698 நானோமீட்டர் சிவப்பு ஒளியோ ஒரு நொடியில் ஏறத்தாழ 429 லட்சம் கோடி முறை அலைவுறுகிறது. அளவுகோலில் கோடுகள் நெருக்கமாக இருந்தால் சிறிய நீளத்தையும் அளக்கலாம். அதுபோல, அலைவுகள் கூடும்போது காலத்தை இன்னும் நுட்பமாகப் பகுக்க முடிகிறது.

செயல்படும் விதம்

அணுக்கள் நகர்ந்தால் டாப்ளர் விளைவால் அதிர்வெண் மாறும். எனவே அவை தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் குளிர்விக்கப்பட்டு, எதிரெதிரே செல்லும் லேசர் அலைகள் உருவாக்கும் முட்டைத்தட்டுப் போன்ற குழிகளில் அடைக்கப்படுகின்றன. ஆனால் அணுக்களைப் பிடித்து வைக்கும் ஒளியே அவற்றின் ஆற்றல் மட்டங்களை நகர்த்திவிடும். 813 நானோமீட்டர் அலைநீளத்தில் ஸ்ட்ரோன்சியத்தின் இரு மட்டங்களும் ஒரே அளவில் நகர்வதால், அவற்றுக்கு இடையிலான வேறுபாடு மாறுவதில்லை. இது ‘மாய அலைநீளம்’ எனப்படுகிறது. ஆயிரக்கணக்கான அணுக்களை ஒரே நேரத்தில் அளப்பதால் தற்செயல் பிழைகளும் குறைகின்றன.

உயரமும் காலமும்

பொதுச் சார்புக் கோட்பாட்டின்படி, ஈர்ப்பு வலுவான தாழ்ந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும். புவிப்பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயர வேறுபாடு, 10¹⁸ இல் ஒரு பங்கு அளவுக்குக் காலத்தை மாற்றுகிறது. டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் சுமார் 450 மீட்டர் உயர வேறுபாட்டில் இத்தகைய இரு கடிகாரங்கள் ஒப்பிடப்பட்டன. அதன் முடிவு 2020 இல் வெளியானது. அந்த உயரத்தில் உள்ள கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 நானோநொடி முந்துகிறது. 2022 இல் அமெரிக்காவின் ஜைலா ஆய்வகம், ஒரே அணுத்திரளில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்குள்ளேயே இவ்வேறுபாட்டைக் கண்டறிந்தது.

பயனும் சிக்கலும்

இதனால் இக்கடிகாரங்களை நிலத்தின் உயர மாற்றங்களை அளக்கவும் பயன்படுத்தலாம். அதேவேளை, தொலைவிலுள்ள இரு ஆய்வகங்களின் கடிகாரங்களை ஒப்பிட, அவற்றின் உயரங்களைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் அறிய வேண்டியுள்ளது. ஒளியியல் கடிகாரங்களைக் கொண்டு நொடியை மறுவரையறை செய்யும் முயற்சியில், தீர்க்க வேண்டிய முக்கியச் சிக்கல்களுள் இதுவும் ஒன்றாகும்.