விற்பனைச் செய்தியின் வரிசை முறை

கிருஷ்ணன்கோவிலில், கிளைகள் பல கொண்ட கடையொன்றில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா அரைக் கிலோ வாங்குகின்றோம். அவ்வமயம் தலைமைக் கடைக் கணினியோடு தொடர்பு அறுந்திருப்பின், நாம் பேருந்தைத் தவறவிட்டுக் காத்து நிற்பதோ? வேண்டா.

கிளைக் கடைக் கணினி அவ்விற்பனையை ஒரு செய்தியாக்கித் தன் வட்டில் எழுதி வரிசையில் வைக்கும். தொடர்பு மீண்டதும் முந்தியதை முந்தி அனுப்பும். 'பெற்றோம்' என்னும் ஒப்புகை வரும்வரை அதனை அழிக்காது. 1993இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட எம்.க்யூ.சீரீஸ் இத்தகைய மென்பொருளே.

ஒப்புகையே வழியில் தொலைந்தால், அச்செய்தி மறுமுறையும் செல்லும். அரைக் கிலோ ஒரு கிலோவாகக் கணக்கேறும். இரவில் பெட்டிப் பணம் குறையக் கண்டு, குற்றமற்ற விற்பனையாளரை ஐயுறுவர். ஆதலின் ஒவ்வொரு ரசீதும் தனியெண் பெறும். பதிந்த எண் மீண்டும் வரின் தலைமைக் கணினி தள்ளிவிடும். விற்றது விடுபடாமலும் இரட்டிக்காமலும் காப்பதே இம்முறையின் பயனாம்.