உங்களுக்குத் தெரியுமா? படுக்கையில் இருந்தபடியே பரிமாறலாம்
டோக்கியோவின் நிஹோன்பாஷியில் 2021 ஜூனில் திறக்கப்பட்ட 'டான்' காபிக்கடையில் 'ஓரிஹிமே' ரோபோக்கள் பரிமாறுகின்றன. அவற்றை இயக்குபவர்கள், ஏ.எல்.எஸ். (தசைகளை முடக்கும் நரம்பு நோய்) போன்ற நோய்களாலோ உடல் குறைபாடுகளாலோ வெளியே செல்ல இயலாதவர்கள். வீட்டிலிருந்தே ரோபோவை நகர்த்துகிறார்கள். கை அசையாதவர்கள் கண்ணசைவால் இயக்குகிறார்கள். வாடிக்கையாளருடன் பேசுவதும் அவர்கள்தான், அதற்குச் சம்பளமும் உண்டு. எல்லாவற்றையும் தானியங்கி ஆக்கிவிட்டால் செலவு மிச்சமாகுமே என்று தோன்றலாம். காபி மேசைக்கு வந்துவிடும். ஆனால் ஒருவருடைய வேலை பறிபோகும், இந்தக் கடை நடப்பதே அந்த வேலைக்காகத்தான். மாற்றுத்திறனாளிகளை வீட்டுக்குள்ளேயே இருத்திவைக்க இந்த ஏற்பாடு சாக்காகிவிடாதா என்ற கேள்வி இன்னும் கனமானது. சாய்தளத்துக்கும் தாழ்தளப் பேருந்துக்கும் ரோபோ ஒருபோதும் ஈடாகாது, அவற்றைக் கேட்டுப் பெறத்தான் வேண்டும். ஆனால், செயற்கைச் சுவாசக் கருவியோடு படுத்திருப்பவருக்குச் சாய்தளம் மட்டும் வேலை தந்துவிடாது.