களமும் களஞ்சியமும் வெடிப்பதேன்?

கட்டிடத்திற்குரிய பொருள்கள் யாவும் உஷ்ணத்தால் நீண்டு, குளிர்ச்சியால் சுருங்கும் இயல்புடையன. இவ்வசைவு கண்ணுக்குத் தோன்றாத அளவினதாயினும், அதற்கு இடம் விடாது கட்டினால் சிமெண்டுக் களமும் தானியக் களஞ்சியமும் வெடித்துவிடும். வெடிப்பின் வழியே மழைநீர் இறங்கி நெல்லைக் கெடுக்கும். வண்டுகளும் அதில் தங்கிப் பெருகும்.

காங்கிரீட், 1 மீட்டர் நீளத்திற்கு, உஷ்ணம் 1 டிகிரி சென்டிகிரேடு ஏறுந்தோறும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு நீளும். 30 மீட்டர் நீளமுள்ள களம், விடியற்காலையைவிட நடுப்பகலில் 25 டிகிரி அதிகமாகச் சூடேறினால், 7 அல்லது 8 மில்லிமீட்டர் நீளவேண்டும். குளிரும்போது அவ்வளவும் சுருங்கவேண்டும். கீழுள்ள தரை அதனைப் பிடித்து நிறுத்துவதால் களம் பிளக்கின்றது. புதிய காங்கிரீட் ஈரம் வற்றும்போதும் சுருங்குமாதலால், கட்டி முடித்த சில வாரங்களிலேயே வெடிப்புக் காண்பதுண்டு.

ஆகையால் களத்தை ஒரே பரப்பாக இடாமல், சுமார் 3 மீட்டர் சதுரமான பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றாக இடுதல் வேண்டும். குறைந்தது 7 நாட்கள் நீர் கட்டி ஈரம் காத்தல் அவசியம். பாத்திகளுக்கு இடையிலுள்ள சந்துகளைத் தாரும் மணலும் கலந்து அடைக்கலாம். சிமெண்டுக் கலவை இறுகிவிடுமாதலால், அதனைக் கொண்டு அடைத்த சந்து மீண்டும் வெடிக்கும்.

களஞ்சியத்தில் வேறொரு சங்கடம் உண்டு. இரும்புக் கம்பி ஏறத்தாழக் காங்கிரீட்டைப் போன்றே நீளுவதால் அவை ஒன்றையொன்று விட்டுப் பிரிவதில்லை. செங்கற்சுவரோ அதில் ஏறக்குறையப் பாதியளவே நீளும்; வெயிலும் கூரையில் விழுமளவு சுவரில் விழுவதில்லை. ஆதலின் கூரை நீண்டு சுவரைத் தள்ள, கூரைக்குச் சற்றுக் கீழே கிடையாக வெடிப்பு ஓடுகின்றது.

இதனைத் தவிர்க்க, சுவரின் மேற்புறத்தைச் சிமெண்டுப் பூச்சால் வழவழப்பாக்கி, காய்ந்தபின் தார்க் காகிதம் விரித்து, அதன்மேல் கூரையை இடவேண்டும். அப்பொழுது கூரை சுவரை இழுக்காமல் வழுக்கி நகரும். கூரையின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம் அமைத்துத் தட்டோடு பதித்தால் வெயில் காங்கிரீட்டை நேரே தாக்காது. ஆண்டுதோறும் வெள்ளையடித்தலும் சூட்டைக் குறைக்கும்.

அஸ்திவாரத்திலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பிற்குக் காரணம் பெரும்பாலும் தரையின் அசைவே. கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும்; அங்கே, மண் அசையாத ஆழம் வரை அஸ்திவாரம் இறக்குவதே பரிகாரமாகும்.

பொதுக் களத்திற்கு மதிப்பீடு தயாரிக்கும் கிராம அதிகாரிகள், பாத்தியின் அளவையும் சந்து அடைக்கும் பொருளையும் அதில் தனியே குறித்து, வேலை நடக்கும்போதே அவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.