மனதில் இருக்கும் ஆங்கிலம் வாய்க்கு வருவது எப்படி?

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கிலப் பாடத்தைப் படித்தால் புரிகிறது. ஆங்கிலப் படம் பார்த்தால் கதை விளங்குகிறது. நேற்று என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டால் மட்டும் வாய் அடைத்துக்கொள்கிறது. கூச்சம் என்கிறோம். கூச்சமும் உண்டுதான். ஆனால் அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருப்பதைக் கனடா நாட்டு வகுப்பறைகள் காட்டிக்கொடுத்தன.

1965இல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் நடத்தும் வகுப்பு தொடங்கியது. அந்த முறை பிறகு நாடெங்கும் பரவியது. ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சிலேயே பாடம் கேட்ட பிள்ளைகள், கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்தார்கள். பேச்சிலும் எழுத்திலும் மட்டும் பிழைகள் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு கேட்டும் ஏன் இப்படி?

மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் 1985இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். கேட்கும்போது, தெரிந்த நாலு சொற்களையும் சூழ்நிலையையும் வைத்துப் பொருளை ஊகித்துவிடலாம். வினைச்சொல் எந்தக் காலத்தில் நிற்கிறது என்று பார்க்கவே தேவையில்லை. பேசும்போது அப்படி நழுவ முடியாது. நடந்ததா, நடக்கிறதா என்று முடிவெடுத்தால்தான் அடுத்த சொல் வரும். வாய் தடுக்கி நிற்கும் அந்த இடத்தில்தான், தனக்கு எது தெரியவில்லை என்பதே கற்பவருக்குத் தெரிகிறது. எனக்கு இது பெரிய வியப்பு. நாம் தோல்வியாக எண்ணி வெட்கப்படும் அந்தத் தடுமாற்றம், மூளை கற்கத் தயாராகும் நேரமாக இருக்கிறது!

இப்படிக் கவனிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ரிச்சர்ட் ஷ்மிட் என்ற மொழியியலாளர் பிரேசிலில் போர்த்துகீசியம் கற்றபோது நாட்குறிப்பு எழுதினார், தம் பேச்சையும் பதிவு செய்தார். காதில் விழுந்துகொண்டே இருந்த மொழி வடிவங்கள்கூட, அவர் அவற்றைக் கவனித்த பிறகே பேச்சுக்குள் வந்தன என்பதை அந்தப் பதிவுகள் காட்டின.

வகுப்பில் இதற்கு என்ன வழி? மொழியை ஒரு வேலைக்குப் பயன்படுத்தியே கற்கலாம் என்பதை நம் தென்னிந்தியாவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற மொழிக் கல்வி ஆய்வாளர் பெங்களூரு, சென்னை, கடலூர் உள்ளிட்ட ஊர்ப் பள்ளிகளில் இலக்கணப் பாடத்தை ஒதுக்கிவைத்தார். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இத்தனை மணிக்குள் போய்ச்சேர எந்த வண்டியில் ஏறவேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். கையில் இருந்தவை கரும்பலகையும் தாளும்தான். மொழி கற்பித்தலைப் படிப்பவர்கள் இந்தச் சோதனையை ‘பெங்களூர் திட்டம்’ என்ற பெயரில் இன்றும் படிக்கிறார்கள்.

இன்று கையில் கைபேசி இருக்கிறது. தங்கள் ஊர் ஏரியைப் பற்றி மூன்று நிமிட ஆங்கில வீடியோ எடுக்கவேண்டும் என்று ஒரு குழுவிடம் சொல்லிப் பாருங்கள். முதல் பதிவில் திக்கும். தாங்களே கேட்டுப் பார்ப்பார்கள், முகம் சுளிப்பார்கள், மறுபடி எடுப்பார்கள். மார்ட்டின் பைகேட் இப்படித் திரும்பச் செய்வதை ஆராய்ந்தவர். இரண்டாம் முறை எதைச் சொல்வது என்ற கவலை குறைந்துவிடுகிறது. மனம் எப்படிச் சொல்வது என்பதற்குத் திரும்புகிறது. பாடப்புத்தகத்துப் பத்தியை நாலு தடவை வாசிக்கச் சொன்னால் முனகும் பிள்ளைகள், வீடியோ நன்றாக வரவேண்டும் என்பதற்காக அதே வாக்கியத்தை அலுக்காமல் நாலு தடவை பேசுவார்கள்.

வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது இப்படிப் பதிவு செய்து கேட்பதுதான். ஸ்மார்ட் போர்டில் படம் காட்டுவதோடு நின்றால், அது விலை கூடிய கரும்பலகை. மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழில் தட்டி, வரும் ஆங்கிலத்தை அப்படியே ஒப்பிப்பது அதைவிட மோசம். தடுமாற்றத்தோடு கற்றலும் போய்விடுகிறது. முதலில் தானாகச் சொல்லிப் பார்த்துவிட்டுச் செயலி தருவதோடு ஒப்பிட்டால், அதே செயலி நல்ல துணை. வேறுபாடு கண்ணில் படும்.

ஆங்கில ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். குழுவில் பிள்ளைகள் தமிழில் கலந்து பேசினால் தடுக்காதீர்கள். தாய்மொழியில் யோசிப்பது வேலைக்கு உதவுகிறது என்று ஸ்வெய்னும் ஆய்வாளர் ஷாரன் லாப்கினும் 2000இல் எழுதியிருக்கிறார்கள். பதிவு மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். நடுவில் ஒரு பிள்ளை சொல் தேடி நின்றால், உடனே எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுத்திருங்கள்.