ஒண்டி: தனியாக நிற்பதும் ஒட்டிக்கொண்டு நிற்பதும்

ஆள் தனியாக இருப்பதைச் சொல்ல நம்மிடம் மூன்று சொற்கள் அன்றாடம் புழங்குகின்றன. தனி, ஒத்தை (எழுத்தில் ஒற்றை), ஒண்டி. அர்த்தம் கேட்டால் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். ஆனால் பேச்சில் ஒன்று இருக்கிற இடத்தில் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள், உடனே காது உறுத்தும்.

"தனி வீடு" என்றால் அதில் கொஞ்சம் பெருமை இருக்கிறது. தனி ரகம், தனி மரியாதை, தனித்திறமை எல்லாமே அப்படித்தான். மற்றதிலிருந்து பிரிந்து நிற்கிறது, அவ்வளவுதான். அப்படி நிற்பது உயர்வாகவும் இருக்கலாம், "தனிமரம் தோப்பாகாது" என்பதுபோல் குறையாகவும் இருக்கலாம். ஒத்தை என்பது எண்ணிக்கை. ஜோடியில் ஒன்று காணாமல் போனால் ஒத்தைத் தோடு, ஒத்தைச் செருப்பு. படம் முழுக்கத் திரையில் தான் ஒருவர் மட்டுமே வரும்படி பார்த்திபன் 2019-ல் எடுத்த படத்துக்கு 'ஒத்த செருப்பு' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. தெற்கே "ஒத்தையில போகாதடா" என்பார்கள். சென்னைப் பக்கம் அதே ஆத்தா "ஒண்டியா போகாத" என்பாள்.

இந்த ஒண்டிதான் எனக்குச் சுவாரசியமான ஆள். ஒண்டித் தோடு, ஒண்டிச் செருப்பு என்று யாரும் சொல்லி என் காதில் விழுந்ததில்லை. மனுஷருக்குத்தான் அது வருகிறது. ஒண்டி ஆள், ஒண்டிக்கட்டை, ஒண்டியா நின்னான், "தில்லு இருந்தா ஒண்டிக்கு ஒண்டி வா". கடைசியாகச் சொன்ன சவாலைக் கவனியுங்கள். உன் பின்னால் நிற்கிற கூட்டத்தை விட்டுவிட்டு வா என்பதுதான் அதன் பொருள். எத்தனை பேர் என்பது அங்கே கணக்கில்லை. பின்பலம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு.

சொல்லின் வழியைத் தேடினால் பக்கத்து மொழிகளிலும் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். தெலுங்கில் தனியாளை ஒண்டரி என்கிறார்கள், கன்னடத்தில் ஒண்டி என்றாலே தனி (இரண்டிலும் 'ட' பாட்டு என்பதில் வருவதுபோல் அழுத்தமாக ஒலிக்கும்). எல்லாம் 'ஒன்று' என்கிற எண்ணின் குடும்பம். நாம் ஒன்று என்பதைப் பேச்சில் 'ஒண்ணு' ஆக்கிவிட்டோம். யாழ்ப்பாணத்தில் அது 'ஒண்டு'. மூன்று அங்கே மூண்டு, கன்று கண்டு. "ஒண்டும் இல்லை" என்று ஓர் யாழ்ப்பாணத்துக்காரர் சொல்வதைக் கேட்டால் ஒண்டியின் பிறப்புச் சான்றிதழையே பார்த்த மாதிரி இருக்கும்.

இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல், இதே ஒலியில் இன்னொரு சொல் இருப்பதில்தான். ஒண்டு என்கிற வினை. மழைக்கு ஒரு கடை வாசலில் ஒண்டினேன். பூனை சுவரோரம் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. "ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டுச்சாம்" என்று பழமொழி. இந்த ஒண்டுதல் தனித்து நிற்பதற்கு நேர் எதிர். ஒதுங்க இடம் தேடி இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது.

ஒரே ஒலிக்குள் எதிரெதிர் அர்த்தம் எப்படி வந்தது? 'ஒன்று' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணாக நின்றால் தனி ஒன்று. வினையாக நின்றால் சேர்தல். "மனம் ஒன்றிப் படித்தான்" என்கிறோம், பல ஊராட்சிகள் சேர்ந்த அமைப்பை ஊராட்சி ஒன்றியம் என்கிறோம். (ஒன்றிய அரசா, மத்திய அரசா என்று 2021-ல் தமிழ்நாடே சண்டை போட்டது, அதற்குள் இப்போது போக வேண்டாம்.) எண்ணின் பக்கம் போனது ஒண்டி, சேர்தலின் பக்கம் போனது ஒண்டு என்று வைத்தால் கணக்கு சரியாக வருகிறது.

இந்த இரண்டும் மோதுகிற இடம் ஒண்டிக்குடித்தனம். தனி ஆள் செய்கிற குடித்தனம் என்று இளையவர்கள் சிலர் நினைக்கிறார்கள். பழைய திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் வீடுகளைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். நடுவில் முற்றம், சுற்றி ஒன்றிரண்டு அறைகளாகப் பிரித்து நாலு குடும்பம், ஆறு குடும்பம், எல்லாருக்கும் ஒரே கிணறோ குழாயோ, காலையில் கக்கூஸுக்கு வரிசை. அங்கே தனிமை என்பது காசு கொடுத்தாலும் கிடைக்காத சரக்கு. ஆகவே இது ஒண்டி இருக்கிற குடித்தனம், ஒண்டியாக இருக்கிற குடித்தனம் இல்லை.

ஒண்டிக்கட்டைக்கு வருவோம். கட்டை என்பது விறகுக்கட்டை அல்ல, உடம்பு. "இந்தக் கட்டை வேகுறவரைக்கும்" என்று பெரியவர்கள் சொல்கிற அதே கட்டை. நான் வாடகை வீடு தேடிய காலத்தில் தரகர்கள் கேட்ட முதல் கேள்வி சம்பளம் பற்றியது இல்லை. "பேமிலியா, ஒண்டிக்கட்டையா?" ஒரு வீட்டுக்காரர் முன்பணத்தையெல்லாம் பேசி முடித்துவிட்டு, "ஊர்ல இருந்து அம்மாவையாவது கூட்டிட்டு வந்து வெச்சுக்குங்களேன்" என்றார். அவருக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. எனக்காகப் பதில் சொல்ல இன்னொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். பின்பலம் இல்லாதவன் என்கிற அந்தச் சண்டைக்காரச் சவாலின் அர்த்தமே இங்கே வாடகை ஒப்பந்தத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பெண்களுக்கு இந்தச் சொல் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஒண்டிக்கட்டை என்று பெரும்பாலும் ஆணைத்தான் சொல்கிறார்கள், அதில் கொஞ்சம் கேலியும் கொஞ்சம் பொறாமையும் கலந்திருக்கும். பெண் என்றால் குரல் இறங்கி "ஒண்டிப் பொம்பள" ஆகிவிடும். அதிலேயே இரண்டு சுருதி உண்டு. "ஒண்டிப் பொம்பளையா நின்னு மூணு புள்ளைங்களையும் படிக்க வெச்சா" என்று ஊரே மெச்சும். அதே வாய், அவள் ராத்திரி பத்து மணிக்கு வேலை முடிந்து வந்தால் "ஒண்டிப் பொம்பள, இந்நேரத்துக்கு எங்க போயிட்டு வருது" என்று கேட்கும். சொல் மாறவில்லை, கேட்கிறவர் நிற்கிற இடம்தான் மாறியிருக்கிறது. முதல் வாக்கியத்தைச் சொல்கிற யாரும் அந்த மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தில் பங்கு போட்டிருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

ஒண்டிக்கு எதிர்ச்சொல் கூட்டம் என்று நினைக்கிறோம். பேச்சைக் கேட்டால் அதன் எதிர்ச்சொல் துணை. பேச்சுத்துணை, வழித்துணை, ராத்திரி துணைக்குப் படுத்துக்க ஒரு ஆள். கடிதத்தின் தலையிலும் கடைப் பலகையிலும் 'முருகன் துணை' என்று எழுதிய ஜனங்கள் நாம். கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு பேர் நடுவே ஒருத்தர் ஒண்டியாக உட்கார்ந்திருக்க முடியும். ஒரே ஒரு துணை வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் அது தீர்ந்துவிடும்.

2020-ல் கொரோனா வந்தபோது 'தனிமைப்படுத்தல்' என்கிற நீளமான சொல்லை எல்லாரும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டோம். வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்தச் சொல்லில் ஒரு நேர்மை உண்டு. 'படுத்து' என்று வருவதால், யாரோ இதைச் செய்தார்கள் என்பது தெரியும். 'ஊரை விட்டு ஒதுக்கி வெச்சாங்க' என்பதிலும் செய்தவர் இருக்கிறார். ஒண்டியில் அப்படி யாரும் இல்லை. "அந்தக் கிழவி ஒண்டியா இருக்கு" என்று சொன்னால், மழை பெய்கிறது என்கிற மாதிரி அது தானாக நடந்த ஒன்றாகிவிடுகிறது. பிள்ளைகள் எங்கே என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் நுழைய வழியே இல்லை.

அந்தக் கிழவியும் எனக்குத் தனிமையாக இருக்கிறது என்று சொல்வதில்லை. அதெல்லாம் கதைப்புத்தகத் தமிழ். போனில் கேட்டால் "வீடு வெறிச்சுன்னு இருக்கு" என்பாள், குறையை வீட்டின்மேல் ஏற்றிவிட்டு. சாப்பிட்டாச்சா என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்டி வயித்துக்கு என்னத்த ஆக்குறது, காலையில வடிச்சது கெடக்கு" என்று பதில் வரும்.