டிக்கெட் போட்டுப் போய் சாணி அள்ளினோம்!

"சேத்துல இறங்கக் கூடாதுன்னுதானேடி உன்னைப் படிக்க வெச்சேன்? இப்ப ஏரோப்ளேன் டிக்கெட் போட்டுப் போய் சாணி அள்றியா?"

வாட்ஸ்அப் வீடியோ காலில் அம்மா கேட்ட கேள்வி இது. அப்போது நான் நின்றிருந்த இடம் ஒரு ஆட்டுக் கொட்டகை. காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் மண்வாரி. பக்கத்தில் தள்ளுவண்டியோடு என் மகள். கொட்டகை இருந்தது அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்தில்!

எனக்குச் சொந்த ஊர் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். லண்டனுக்கு வந்து இருபது வருஷமாகிறது. மகளுக்கு 19 வயது. கல்லூரியில் முதல் வருஷம் முடிந்ததும், "அம்மா, பண்ணை வேலைக்குப் போறேன். தங்கவும் சாப்பிடவும் காசு வேண்டாம்" என்று வந்து நின்றாள். தனியாக அனுப்ப மனசில்லை. "நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டேன். ஜூன் மாதத்தில் இரண்டு வாரம்.

கணக்கு இதுதான்

தினமும் சில மணி நேரம் பண்ணையில் உதவ வேண்டும். பதிலுக்கு அந்த வீட்டிலேயே படுக்கை, மூன்று வேளை சாப்பாடு. பணம் கை மாறாது. விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ் எல்லாம் நம் செலவு.

இதைத் தொடங்கியவர் சூ கோப்பார்ட் என்ற லண்டன் செக்ரட்டரி. நகரத்திலேயே அடைந்து கிடந்தவருக்கு வார இறுதியிலாவது மண்ணைத் தொட வேண்டும் என்று ஆசை. 1971-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஒரு இயற்கைப் பண்ணைக்கு நான்கு பேர் போனார்கள். அதுதான் இன்று 'வூஃப்' என்ற பெயரில் பல நாடுகளில் பரவியிருக்கிறது. அயர்லாந்திலும் அதற்குக் கிளை உண்டு. 'வொர்க்அவே' போன்ற வேறு தளங்களும் இருக்கின்றன.

மோர் ஊற்றிய ரொட்டி

எங்கள் நாள் காலை எட்டரைக்குத் தொடங்கும். கோழிக்குத் தீனி, ஆட்டுக் கொட்டகை சுத்தம், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளரும் தக்காளிக்குத் தண்ணீர், பிறகு களை எடுப்பது. வெறுங்கையால் ஒரு செடியைப் பிடுங்கிவிட்டு மகள் அலறினாள். நம் ஊர்க் காஞ்சொறி மாதிரி அங்கேயும் ஒரு செடி! அடுத்த நாளிலிருந்து கையுறை இல்லாமல் அவள் தோட்டத்துக்குள் இறங்கவே இல்லை.

மழை? அது பாட்டுக்குத் தூறிக்கொண்டே இருக்கும். "இன்னிக்கு மென்மையான நாள்" என்று சிரித்தபடி வீட்டுக்கார அம்மா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

பதினோரு மணிக்கு டீ. நம்மைப் போலவே நன்றாகக் கொதிக்க வைத்த கெட்டி டீ, பால் ஊற்றி. கூடவே சோடா ரொட்டி. ஈஸ்ட் கிடையாது; கோதுமை மாவில் ஆப்ப சோடாவும் மோரும் சேர்த்துப் பிசைந்து சுடுகிறார்கள். நான் சைவம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தேன். அதனால் இரவில் பல நாள் 'கோல்கேனன்': வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் முட்டைக்கோஸும் வெண்ணெயும் கலந்தது. ஊறுகாய் பாட்டில் கொண்டுபோனது வீண்போகவில்லை.

ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஒரு நாள் இடிந்து கிடந்த கல் சுவரை எடுத்துக் கட்டினோம். சிமென்ட் இல்லை, மண் கலவை இல்லை. கல் மேல் கல், அவ்வளவுதான். இடுக்குகள் வழியாகக் காற்று புகுந்து போய்விடுவதால் கடற்காற்றுக்கும் சுவர் சாயாதாம். அயர்லாந்தின் இந்தக் கலை 2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. நாங்கள் அடுக்கிய முதல் வரிசையை வீட்டுக்காரர் அப்படியே பிரித்துப்போட்டு, "மறுபடியும்" என்றார்!

கை மறக்கவில்லை

நாலாவது நாள் உருளைக்கிழங்குக்கு மண் அணைக்கும் வேலை. எப்படிச் செய்வது என்று அந்த அம்மா சொல்லித் தருவதற்குள் என் கை தானாகச் செய்ய ஆரம்பித்துவிட்டது. சின்ன வயதில் லீவு நாளெல்லாம் மல்லாட்டைக் கொல்லையில் களைக்கொத்தோடு கிடந்தவள் நான். ஒரு சாலை முடித்துவிட்டு நிமிர்ந்தால் மகள் வாயைப் பிளந்து நிற்கிறாள்.

"அம்மா, உனக்கு இதெல்லாம் தெரியும்னு சொன்னதே இல்லையே?"

உண்மைதான், சொன்னதில்லை. லண்டனில் யாராவது கேட்டால் "அப்பா ஊரில் பிசினஸ்" என்பேன். மகளிடமும் அதையே சொல்லி வைத்திருந்தேன். அன்று வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த மண்ணில் உருளைக்கிழங்கு சாதாரண விஷயமும் இல்லை. 1845-ல் கருகல் நோய் வந்து பயிர் அழுகியது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். அன்று கைவிட்ட பாத்தி மேடுகள் மேற்கு அயர்லாந்தின் மலைச்சரிவுகளில் இன்னும் தெரிகின்றன. இன்றைக்கும் காற்றில் ஈரமும் வெப்பமும் கூடினால் வானிலை மையம் கருகல் நோய் எச்சரிக்கை விடுகிறது. ரேடியோவில் அது வரும்போது அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

முதல் வீட்டில் வாங்கிய பாடம்

எல்லாம் இனிமையாக நடந்துவிடவில்லை. கிளேருக்கு முன்னால் வேறு ஒரு வீட்டில் மூன்று நாள் இருந்தோம். ஐந்து மணி நேரம் என்று எழுதியிருந்தார்கள். ஒன்பது மணி நேரம் ஆனது. பண்ணை வேலையும் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அறைகளைக் கூட்டித் துடைக்கும் வேலை. படுக்கையோ ஈரம் கோத்த பழைய கேரவனில். மகள் "பொறுத்துக்கலாம்மா" என்றாள். நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலைக்கு 'தன்னார்வலர்' என்று பெயர் சூட்டினால், அதற்குப் பெயர் சுரண்டல்தான்.

போக நினைப்பவர்களுக்கு...

* விசாதான் முதல் விஷயம். நாங்கள் இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் அயர்லாந்தில் வேலை செய்யத் தடையில்லை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கதை வேறு. சுற்றுலா விசாவில் சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை செய்ய அனுமதி கிடையாது. இளைஞர்களுக்கான 'வொர்க்கிங் ஹாலிடே' ஒப்பந்தமும் இந்தியாவுடன் இல்லை. 'சும்மா உதவிதானே' என்று விமான நிலையத்தில் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.
* அயர்லாந்து ஷெங்கன் நாடு அல்ல. ஐரோப்பாவுக்கு எடுத்த ஷெங்கன் விசாவோடு அங்கே இறங்க முடியாது.
* எத்தனை மணி நேரம், என்ன வேலை, எத்தனை நாள் லீவு, தனி அறை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாளுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் வழக்கம்.
* முன்பு தங்கியவர்கள் எழுதிய அனுபவங்களைப் படியுங்கள். திரும்பி வரப் பணம் தனியாக வைத்திருங்கள். பெண்கள் முதல் முறை துணையோடு போவது நல்லது.
* மழைக்கோட்டும் கையுறையும் மறக்கவே கூடாது.

கிளேரில் அக்கம்பக்கத்தார் ஒருவர் அறுவடைக்கு ஒருவர் கூடி உதவும் பழைய வழக்கத்துக்கு 'மெஹல்' என்று பெயர். இன்றைக்கு உன் கொல்லைக்கு நான், நாளைக்கு என் கொல்லைக்கு நீ. இதைச் சொன்னதும் போனில் அம்மாவின் கோபம் கொஞ்சம் இறங்கியது. "நம்ம ஊருல இல்லாததா?" என்றார். பிறகு, "கெழங்குக்கு ஈரத்துல மண்ணு அணைக்காத, கட்டி புடிச்சுக்கும். அந்தம்மாகிட்டயும் சொல்லு" என்றார்.

சொன்னேன். அவரும் அதையேதான் சொல்ல வந்தாராம்.

லண்டன் திரும்பி ஒரு வாரம் கழித்து மகள் தானாகவே தன் ஆயாவுக்கு போன் போட்டாள். வருகிற பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாளாம். "ஆயா, கொல்லையில எனக்கு வேலை வெச்சிரு" என்கிறாள்.

"சாணி அள்ளவா?" என்று சிரிக்கிறார் அம்மா.