தெளிந்த எண்ணெயின் மறுபக்கம்

சிங்கப்பூரின் ஆகப் பெரிய உணவங்காடி நிலையம், சைனாடவுனில் ஸ்மித் ஸ்திரீட்டில் உள்ளது. அங்கே 200க்கும் மேற்பட்ட உணவுக் கடைகள் இருக்கின்றன. நண்பகலில் உள்ளே நுழைந்தால், எண்ணெய் பொரியும் ஓசை எல்லாப் பக்கமும் கேட்கும்.

நாம் சமைக்கப் பயன்படுத்தும் எண்ணெய்களுள் செம்பனை எண்ணெயும் ஒன்று. கடையில் வாங்கும்போது அது வெளிர்மஞ்சளாக, வாடையின்றி இருக்கிறது. ஆனால், பழத்திலிருந்து பிழிந்தவுடன் அது சிவந்த நிறமும் அழுத்தமான வாடையும் கொண்டிருக்கும். இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது?

சுத்திகரிப்பு ஆலையில் முதலில் பசையையும் நிறத்தையும் நீக்குவார்கள். பிறகு, வாடையைப் போக்க எண்ணெயை 200 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்கி, அதனுள் நீராவியைச் செலுத்துவார்கள். சிக்கல் பிறப்பதும் இங்கேதான். அந்தக் கடும் வெப்பத்தில், எண்ணெயில் கலந்துள்ள குளோரின் சேர்மங்கள் கொழுப்புடன் வினைபுரிந்து ‘3-எம்சிபிடி எஸ்டர்’ என்ற பொருள் உருவாகிறது. வெப்பம் மேலும் கூடினால் ‘கிளிசிடில் எஸ்டர்’ பெருகுகிறது. முன்னது விலங்குகளின் சிறுநீரகத்தைப் பாதித்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. பின்னது உடலில் சிதையும்போது, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய கிளிசிடோல் வெளிப்படுகிறது. பால்மாவிலும் தாவர எண்ணெய் சேர்க்கப்படுவதால், அதை மட்டுமே அருந்தும் கைக்குழந்தைகளைப் பற்றி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் கவலை தெரிவித்தது.

இதைத் தடுக்கும் வேலை தோட்டத்திலேயே தொடங்குகிறது. அடிபட்ட பழமும் நாள்பட்ட பழமும் விரைவில் சிதைந்து, இப்பொருள்கள் உருவாக வழிவிடுகின்றன. ஆகவே, பழங்களைக் காயப்படுத்தாமல் பறித்து, தாமதமின்றி ஆலையில் சேர்க்க வேண்டும். கச்சா எண்ணெயை நீரால் கழுவினால் குளோரின் சேர்மங்கள் குறையும். வாடை நீக்கும்போது வெப்பத்தையும் நேரத்தையும் குறைப்பதும் பலன் தரும். இத்தகைய வழிமுறைகளைக் கோடெக்ஸ் எனும் அனைத்துலக உணவுத் தர ஆணையம் 2019இல் வெளியிட்டது. உற்பத்தியாளர்கள் தாமாக எடுத்த முயற்சிகளால், செம்பனை எண்ணெயில் கிளிசிடில் எஸ்டரின் அளவு 2010க்கும் 2015க்கும் இடையில் பாதியாகக் குறைந்ததாக அந்த ஐரோப்பிய ஆணையமே கூறியுள்ளது.

கண்ணுக்குத் தெளிவாக இருப்பதெல்லாம் தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது. எண்ணெயின் தரம், தோட்டத்தில் பழம் பறிப்பவரின் கவனத்தையும் ஆலையில் வெப்பத்தைக் கண்காணிப்பவரின் பொறுப்பையும் சார்ந்தது. பொரித்த உணவை அளவோடு உண்பது நம் பங்கு.